கருகிய மண் வட்டம் ஒன்று கிடைத்தால் அது பானைச் சூளையா, இரும்பு உலையா? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பட்டர்வொர்த் டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். எங்கள் வரலாற்றுக் கழகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கெடாவில் இருக்கும் சுங்கை பத்து தொல்லியல் தளத்துக்குப் போய் வந்தோம். இரும்பு உருக்கிய இடங்கள், செங்கல் கட்டுமானம், பழைய படகுத்துறை, தரையில் குவிந்து கிடக்கும் துருத்திக் குழாய்த் துண்டுகள் எல்லாவற்றையும் பிள்ளைகள் ஆவலாகப் பார்த்தார்கள்.

முதல் படிவத்தில் கிரேக்க, ரோமானிய நாகரிகப் பாடம் வருகிறது. வெறும் கோயில் தூண்களையும் மன்னர்களையும் காட்டிக்கொண்டிருந்தால் போதாது, உழைத்த மக்களையும் காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் பிரான்சிலும் கிரேக்கத்திலும் தோண்டிய மட்பாண்டச் சூளைகளின் படங்களைத் திரையில் போட்டேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், சுங்கை பத்துல பார்த்ததும் இப்படித்தான் கருகின வட்டம். அது இரும்பு, இது பானைன்னு யார் முடிவு பண்ணினா? பேர் எழுதி வெச்சிருந்தாங்களா?"

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் என்றேன். இணையத்தில் தேடினால் பாத்திரங்களின் அழகைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. சூளையை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று எளிமையாகத் தமிழில் எங்கும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கிடைத்தது பானைச் சூளை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? எல்லாப் படத்திலும் கீழ்ப்பாதி மட்டும் இருக்கிறதே, மேல்பாதி எங்கே போகிறது? எந்தக் காலத்துச் சூளை என்று எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்ல உதவுங்கள்.

பாயான் லெப்பாஸ் குமார் எழுதியது:

டீச்சர், அமைப்பிலிருந்து தொடங்கலாம். ரோமானியச் சூளைக்குப் பெரும்பாலும் இரண்டு அடுக்கு. பிள்ளைகளிடம் இட்லிப் பானையைக் காட்டுங்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் நெருப்பு, நடுவில் துளைபோட்ட தட்டு, இட்லி இருக்கும் இடத்தில் பச்சைப் பாத்திரங்கள், மேலே மூடி. பக்கவாட்டில் விறகு தள்ள ஒரு சுரங்கவாய். துளைத்தட்டு மண்ணால் ஆனது, அதன் பாரத்தைத் தாங்க நெருப்பறையின் நடுவில் ஒரு தூண் அல்லது சுவர் இருக்கும். அந்தத் தூணும் தட்டும் கிடைத்துவிட்டால் பானைச் சூளை என்று சொல்லிவிடலாம் என்பது என் கருத்து. வட்டமாக இருந்தால் பாத்திரம், நீள்சதுரமாக இருந்தால் கூரை ஓடு, செங்கல் என்று ஒரு பொதுக் கணக்கும் உண்டு.

செல்வி அக்கா இந்தப் பக்கம் வந்தால் இன்னும் விவரமாகச் சொல்வார். அவர் துறை இது.

பிரிக்பீல்ட்ஸ் செல்வி எழுதியது:

டீச்சர், அந்தப் பிள்ளைக்கு என் சார்பில் ஒரு பாராட்டுச் சொல்லுங்கள். குழியில் இறங்கியவர்கள் முதலில் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதும் அதே கேள்விதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்காலம் முழுவதும் தரை ஓடு செய்யும் ஆலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவள். வளைந்த ஓடு, வெடித்த ஓடு, குமிழ் கிளம்பிய ஓடு, ஒன்றோடொன்று ஒட்டிய ஓடு, இவற்றைப் பார்த்தே சூளையின் எந்த மூலையில் சூடு ஏறிப்போனது என்று சொல்வது எங்கள் பிழைப்பு. ஓய்வு பெற்றபின் தெற்கு பிரான்சில் ஒரு ரோமானியச் சூளைத் தளத்தில் கோடைகால அகழாய்வுக்குத் தன்னார்வலராகப் போனேன். அங்கே என் கையில் முதலில் கொடுத்தது ஒரு வாளி உடைந்த கிண்ணம். ஆலையில் பார்த்த அதே குறைகள், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தையவை. அன்றிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை.

தம்பி குமார் சொன்ன துளைத்தட்டு கிடைத்தால் நல்லதுதான். ஆனால் பல தளங்களில் அது இடிந்து, தூள் தூளாகக் குழிக்குள் விழுந்திருக்கும். வட்டமா சதுரமா என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது. வட்டச் சூளையில் ஓடும் சுட்டிருக்கிறார்கள், சுண்ணாம்பும் சுட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது சூளைக்கு வெளியே, குப்பைமேட்டில்.

மட்பாண்டம் சுடுகிறவனுக்குக் கழிவு இல்லாமல் இருக்காது. கோணிய பானை, வயிறு வெடித்த குடம், மேல் கீழ் அடுக்கியதில் ஒட்டிக்கொண்ட தட்டுகள், சூடு மீறி உருகிக் குமிழிட்ட விளிம்பு. இவற்றை யாரும் விலைகொடுத்து வாங்கமாட்டார்கள், சுமந்துகொண்டு வேற்றூர் போகவும் மாட்டார்கள். சூளையிலிருந்து எடுத்ததும் பக்கத்திலேயே வீசிவிடுவார்கள். அதனால் கெட்டுப்போன பாத்திரங்கள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும் இடத்தில் சூளை கூப்பிடு தூரத்தில் இருந்தாக வேண்டும். பல இடங்களில் முதலில் கண்ணில் பட்டது இந்தக் குப்பைதான், சூளை அதன் பிறகுதான்.

பிரான்சில் மியோ நகரத்துக்குப் பக்கத்தில் லா கிராஃபசான்க் என்று ஓர் இடம். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசின் மேற்குப் பகுதி முழுவதற்கும் பளபளப்பான சிவப்பு மேசைப் பாத்திரங்களைச் செய்து அனுப்பிய குயவர் ஊர் அது. அங்கே பத்து மீட்டருக்கும் கூடுதலான நீளம் உள்ள ஒரு பெரிய சூளையைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நெருப்பும் புகையும் பாத்திரத்தைத் தொடாமல் இருக்க, சூட்டை மண்குழாய்கள் வழியாக மேலே ஏற்றிய சூளை. குழி குழியாகக் கழிவுப் பாத்திரங்களும் கிடைத்தன. உங்கள் மாணவி பேர் எழுதி வைத்தார்களா என்று கேட்டாளே, இங்கே எழுதியே வைத்திருக்கிறார்கள்! எந்தக் குயவருடையது, என்ன வகைப் பாத்திரம், எத்தனை என்று ஈரத் தட்டில் கீறி, அந்தத் தட்டையும் சேர்த்துச் சுட்டிருக்கிறார்கள். பல குயவர்கள் ஒரே சூளையைப் பகிர்ந்ததால் கணக்கு வேண்டியிருந்தது. இலத்தீன் எழுத்தில், உள்ளூர் கௌல் மொழி கலந்து எழுதிய கணக்கு. ஒரே சூட்டில் 30,000 பாத்திரங்கள் வரை வைத்திருக்கிறார்கள் என்று அந்தத் தட்டுகளிலிருந்துதான் தெரியவந்தது.

அடுத்தது சுவர். இரும்பு உலைக்கு 1,100 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். அதற்குத் துருத்தி ஊத வேண்டும், ஊதுவதற்குக் குழாய் வேண்டும். நீங்கள் சுங்கை பத்தில் பார்த்த குழாய்த் துண்டுகள் அதற்குத்தான். உலையில் தாதுவிலிருந்து பிரிந்து வழியும் கழிவு கருத்த பாகாக ஓடி இறுகிவிடும். அதுதான் இரும்புக் கிட்டம். கையில் எடுத்தால் கனக்கும், உடைத்தால் உள்ளே குமிழ்கள் தெரியும். பானைச் சூளைக்கு 800 முதல் 1,000 பாகை போதும். காற்று தானாக இழுத்துக்கொள்ளும், துருத்தி வேண்டாம். ஆகவே குழாயும் கிட்டமும் நிறையக் கிடந்தால் உலோகம். அவை இல்லாமல் கெட்ட பாத்திரமும் சாம்பலும் கிடந்தால் பானை. உங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியே போதும்.

சுண்ணாம்புக் காளவாயும் குழப்பும். அதில் சுவர் ஓரத்தில் வெள்ளைப் படிவு இருக்கும், பாதி வெந்த சுண்ணாம்புக் கல் கிடக்கும். ஜெர்மனியில் இவர்ஸ்ஹைமில் 1966 முதல் 1968 வரை தோண்டியதில் ரோமானியப் படையினர் நடத்திய 6 சுண்ணாம்புக் காளவாய்கள் வரிசையாகக் கிடைத்தன. இன்னொரு வேதனையான விஷயம்: ரோம் பேரரசு சரிந்தபின், இடிந்த கட்டடங்களுக்கு உள்ளேயே காளவாய் கட்டி, பளிங்குச் சிலைகளையும் தூண் தலைப்புகளையும் போட்டுச் சுண்ணாம்பாக்கிவிட்டார்கள். எத்தனை கைவேலை அப்படிச் சாந்தாகிச் சுவருக்குள் போனதோ.

ரொட்டி அடுப்பு என்றால் தரை சமமாக இருக்கும், கீழே தனி நெருப்பறை இருக்காது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய ஊரான பொம்பேயில் ஓர் அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கரியாகி அப்படியே கிடந்தன. அங்கே குழப்பத்துக்கே வேலை இல்லை.

மேல்பாதி எங்கே போனது என்று கேட்டீர்கள். சூளையின் நெருப்பறையை நிலத்தைக் குடைந்து, அல்லது மேட்டுச் சரிவில் வெட்டிக் கட்டுவார்கள். சூடு வெளியே போகாது, சுவருக்கும் மண் தாங்கல் கிடைக்கும். மேல் கூண்டு தரைக்கு மேலே நிற்கும். சில இடங்களில் ஒவ்வொரு முறையும் அதை உடைத்துத்தான் பாத்திரத்தை எடுத்திருக்கிறார்கள். சில இடங்களில் கூண்டே இல்லாமல் ஓட்டுச் சில்லும் புல்கட்டியும் போட்டு மூடியிருக்கிறார்கள். தொழில் நின்றதும் அது மழையில் கரையும், கல்லையும் செங்கல்லையும் ஊரார் எடுத்துப் போவார்கள், மிச்சத்தை ஏர் கலைத்துவிடும். நிலத்துக்குள் இருந்தது தப்பிக்கிறது.

தோண்டும்போது சூளையை நடுவில் பிரித்து முதலில் ஒரு பாதியை மட்டும் எடுப்போம். மறுபாதி வெட்டுமுகமாக நிற்கும், அதில் அடுக்கு அடுக்காகக் கதை தெரியும். மேலே இடிந்து விழுந்த கூண்டு, அதன் கீழ் கடைசிச் சூட்டில் சிக்கிய பாத்திரங்கள், அதன் கீழ் சாம்பல். சுவரில் மண்பூச்சு ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். சில சூட்டுக்கு ஒருமுறை வெடிப்பை அடைக்கப் பூசியது. அந்தப் பூச்சில் விரல் இழுத்த தடம் அப்படியே வெந்து கிடக்கும். நான்கு விரல் வரிசையாக. என் விரலை அதன் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தேன், தொடவில்லை. யாரோ ஒருவர் அவசரமாக, ஈரக் கையோடு, மறுநாள் சூட்டுக்காகப் பூசியிருக்கிறார்.

விறகுவாய்க்கு முன்னால் இருக்கும் குழியை அவசரப்பட்டு வாரிவிடக் கூடாது. அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து மிதக்கவிட்டுச் சலித்தால் கரித்துண்டும் விதையும் கிடைக்கும். எந்த மரம் எரித்தார்கள், மத்திய தரைக்கடல் ஊர்களில் ஒலிவக் கொட்டையைக் கூட எரித்தார்கள் என்பதெல்லாம் அதிலிருந்துதான்.

காலக்கணக்கைப் பற்றி நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது.

கோலசிலாங்கூர் வேலு எழுதியது:

டீச்சருக்கும் செல்வி அக்காவுக்கும் வணக்கம். நான் குயவர் வீட்டுப் பிள்ளை. அப்பா பொங்கல் பானையும் கார்த்திகை விளக்கும் தீச்சட்டியும் செய்தவர். இப்போது தம்பி செய்கிறான். அக்கா எழுதிய கழிவுக் குவியலைப் படித்ததும் எங்கள் கொல்லைப்புறம் கண்முன் வந்தது. தாத்தா காலத்து ஓட்டுச் சில்லு இன்னும் அங்கே மண்வெட்டியில் தட்டுப்படும்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள் டீச்சர். சூளை அடுக்குவதே பாதி வேலை. கனமான பானை அடியில், சிறியது இடுக்கில், காற்று போகப் பாதை விட்டு அடுக்க வேண்டும். ஈரம் காயாத ஒரே ஒரு பானை உள்ளே போனால் அது வெடித்துப் பக்கத்துப் பானைகளையும் உடைத்துவிடும். மழைக்காலத்தில் அப்பா பானையைத் தட்டிப் பார்த்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

எனக்கு ஒரு கேள்வி. கிரேக்கப் பாத்திரங்களில் கறுப்பும் சிவப்பும் எப்படி ஒரே பாத்திரத்தில் இவ்வளவு சுத்தமாக வருகிறது? எங்கள் சூளையில் கடைசியில் ஈர விறகு விழுந்தால் பானையில் கறுப்புத் திட்டு வரும், ஆனால் அது எங்கே வரும் என்று நாம் சொல்ல முடியாது. அப்பா துளை வழியாக நெருப்பின் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வார். கிரேக்கக் குயவர்களும் அப்படித்தானா?

பட்டர்வொர்த் டீச்சர் எழுதியது:

செல்வி அக்கா, வேலு அண்ணன், குமார், மூவருக்கும் நன்றி. குழாயும் கிட்டமும் என்ற விளக்கத்தை இன்றே வகுப்பில் சொன்னேன், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். உடனே அடுத்த கேள்வி வந்தது: பெரிய கட்டடங்களின் செங்கலும் ஓடும் எந்தச் சூளையில் சுட்டவை என்று தெரியுமா? வேலு அண்ணன் கேட்டதையும் நான் அறிய ஆவலாக இருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் செல்வி எழுதியது:

வேலு தம்பி, உங்கள் அப்பாவும் ஏதென்சின் குயவரும் சந்தித்திருந்தால் பேசிக்கொள்ள நிறைய இருந்திருக்கும்.

கிரேக்கர் கறுப்புக்கென்று தனிச் சாயம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அதே களிமண்ணை நீரில் கரைத்து, கனமானது அடியில் தங்கியபின் மேலே மிதக்கும் மிக நுண்ணிய பகுதியை எடுத்துப் பூச்சாக்கினார்கள். பிறகு ஒரே சூட்டில் மூன்று நிலை. முதலில் காற்றைத் தாராளமாக விட்டுச் சுமார் 800 பாகை வரை ஏற்றுவார்கள்; எல்லாம் சிவக்கும். அடுத்து மேல் துளையை அடைத்து, பச்சை விறகைத் திணித்து, சுமார் 950 பாகைக்குப் போவார்கள். காற்று இல்லாமல் புகை மண்டுவதால் மண்ணில் உள்ள இரும்பு கறுத்து, பாத்திரம் முழுவதும் கறுப்பாகும். அந்தச் சூட்டில் நுண்ணிய பூச்சு மட்டும் பாதி உருகிக் கண்ணாடித் தன்மை பெற்று இறுகிவிடுகிறது. கடைசியில் துளையைத் திறந்து மறுபடி காற்று விடுவார்கள். பாத்திரத்தின் உடல் நுண்துளைகள் வழியே காற்றை வாங்கித் திரும்பச் சிவக்கும். இறுகிப்போன பூச்சுக்குள் காற்று நுழையாது, கறுப்பு அப்படியே நின்றுவிடும். உங்கள் சூளையில் தற்செயலாக வருகிற கறுப்பை அவர்கள் பூச்சால் வேலி போட்டு நிறுத்தினார்கள்.

சூடு பார்ப்பதற்கு நெருப்பின் நிறம் உதவியிருக்கும், ஆனால் அவர்களிடம் இன்னொரு வழியும் இருந்தது. கெட்டுப்போன பச்சைப் பாத்திரத்திலிருந்து ஒரு துண்டு வெட்டி, அதில் பூச்சுக் கோடு இழுத்து, ஒரு துளை போட்டு உள்ளே வைப்பார்கள். சுடும்போது கம்பிக் கொக்கியால் அதை வெளியே இழுத்துப் பூச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஏதென்சின் சந்தைவெளியான அகோராவில் அமெரிக்க ஆய்வாளர்கள் 1931 முதல் தோண்டுகிறார்கள். அங்கே பழைய கிணறுகளுக்குள் இந்தச் சோதனைத் துண்டுகளும் சூளைக் கழிவும் கிடைத்தன. பேச்சாளர்களும் நீதிமன்றங்களும் நிறைந்த அந்த இடம், பல நூற்றாண்டுக்கு முன் குயவர்கள் மண் குழைத்த இடம் என்று அந்தக் கிணற்றுக் குப்பைதான் சொன்னது. என் மனம் இதில்தான் நிற்கிறது. பழைய காலத்து அகழாய்வுகளில் ஓவியம் தீட்டிய துண்டை எடுத்துக்கொண்டு வெறும் சில்லைத் தள்ளிவிட்டார்கள். தள்ளியதில் எத்தனை குயவர் தெரு போயிற்று என்று நினைத்தால் பொறுக்கவில்லை.

சூளையின் மேல்பாதியைப் பார்க்க வேண்டுமானால் டீச்சர், கொரிந்து நகருக்குப் பக்கத்தில் பென்டெஸ்கூஃபியாவில் 1879இல் கிடைத்த மண் பலகைகளின் படத்தைத் தேடி வகுப்பில் காட்டுங்கள். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பொசைடன் தெய்வத்துக்குக் காணிக்கையாகப் போட்டவை, ஆயிரத்துக்கும் அதிகமான துண்டுகள். அவற்றில் குயவர்கள் தங்கள் சூளையையே வரைந்திருக்கிறார்கள்! கூண்டு, மேல் துளை, உள்ளே எட்டிப் பார்க்கும் கதவு, கொக்கியோடு நிற்கும் ஆள். ஒரு பலகையில் சூளையை வெட்டிப் பார்த்தாற்போல் உள்ளே அடுக்கிய பாத்திரங்கள் தெரியும். நிலத்தில் அழிந்துபோன மேல்பாதி அந்தப் பலகைகளில் இருக்கிறது.

கட்டடச் செங்கல் பற்றி: ரோமானியர் ஓடு, செங்கல் ஈரமாக இருக்கும்போதே முத்திரை குத்தும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. வேல்சில் ஹோல்ட் என்ற ஊரில் இருபதாம் படையணியின் சூளைகளைத் தோண்டினார்கள். அங்கே சுட்ட படையணி முத்திரை ஓடுகள் டீ ஆற்றின் வழியாகப் போய்ச் செஸ்டர் கோட்டையின் கூரையில் ஏறின. சூளையிலும் அதே முத்திரை, கோட்டையிலும் அதே முத்திரை. நான் குடியிருக்கும் பிரிக்பீல்ட்சும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூருக்குச் செங்கல் சுட்டுக் கொடுத்த பகுதி. 1881இல் தீயும் வெள்ளமும் ஊரை அழித்தபின் ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடுகள் போய்ச் செங்கல் வீடுகள் வந்தன. இன்று ரயில் பாதைக்கும் அடுக்குமாடிக்கும் நடுவே அந்தச் சூளைகளின் சுவடு ஒன்றும் கண்ணில் படாது.

சரி, காலக்கணக்கு. கரித்துண்டைக் கொண்டு கார்பன் கணக்குப் போடலாம், ஆனால் விறகு கிழ மரமாக இருந்தால் கணக்கு சூளையை உண்மையைவிடப் பழையதாகக் காட்டிவிடும். சூளைக்கென்றே வாய்த்த முறை ஒன்று உண்டு. களிமண்ணில் உள்ள இரும்புத் துகள்கள் நன்றாகச் சூடேறி ஆறும்போது, அந்த நேரத்துப் பூமிக் காந்தத்தின் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. பூமியின் காந்த வடக்கு காலந்தோறும் நகர்கிறது. அந்த வட்டாரத்தில் அது எந்த நூற்றாண்டில் எங்கே இருந்தது என்ற வரைபடம் இருந்தால், சூளைச் சுவர் கடைசியாக ஆறிய காலம் தெரிந்துவிடும். சூளை சுட்ட இடத்திலேயே அசையாமல் இருப்பதால்தான் இது முடிகிறது. பானை ஊர் சுற்றிவிடும், அதற்குத் திசை தெரியாது.

இதே காந்தத்தை வைத்து மண்ணுக்குள் மறைந்த சூளையையும் தேடுகிறார்கள். 1958இல் இங்கிலாந்தில் வாட்டர் நியூட்டனில் சாலை போடுவதற்கு முன் மார்ட்டின் எய்ட்கன் என்ற ஆய்வாளர் காந்தப்புலத்தை அளக்கும் காந்தமானியோடு நடந்து, தோண்டாமலேயே ஒரு ரோமானியச் சூளையைக் கண்டுபிடித்தார். உங்கள் மாணவர்களில் இயற்பியல் பிடித்தவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் இருக்கிறது.

பாத்திரத்தின் பாணியும் உதவும். பொம்பேயில் லா கிராஃபசான்கிலிருந்து வந்த சிவப்புக் கிண்ணங்கள் 90, பெட்டியோடு பிரிக்காமலேயே கிடைத்தன. எரிமலை வெடித்தது கி.பி. 79இல். ஆக, அந்தக் கிண்ணங்களைச் சுட்டது அந்த ஆண்டிலோ அதற்குச் சற்று முன்போதான். அதே அச்சில் வார்த்த கிண்ணம் வேறெங்கு கிடைத்தாலும் அந்தத் தளத்துக்கு ஏறக்குறைய ஒரு தேதி கிடைத்துவிடுகிறது. பொம்பேயிலேயே ஹெர்குலேனியம் வாசலுக்கு வெளியே ஒரு குயவர் பட்டறையில், சுடுவதற்குக் காத்திருந்த பச்சைப் பாத்திரங்கள் எரிமலைச் சாம்பலுக்குள் கிடைத்தன. வனைந்தவர் திரும்பி வரவில்லை.

பாயான் லெப்பாஸ் குமார் எழுதியது:

அக்கா, காந்தக் கணக்கு எனக்குப் புதிது, நன்றி. நம் பக்கம் வருகிறேன். புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டில் கிடைத்த சிவப்புத் தட்டு இத்தாலியில் சுட்டது என்கிறார்களே, அதை எப்படி நிச்சயமாகச் சொல்ல முடிகிறது? புதுச்சேரியிலேயே ஒருவர் பார்த்துச் செய்திருக்கலாம் அல்லவா?

பிரிக்பீல்ட்ஸ் செல்வி எழுதியது:

கேட்க வேண்டிய சந்தேகம்தான் குமார். பார்த்துச் செய்யவும் செய்தார்கள். வேற்றூர்ப் பாத்திர வடிவத்தை உள்ளூர் மண்ணில் வனைவது எல்லா நாட்டிலும் நடந்தது.

இத்தாலியில் அந்தச் சிவப்புப் பாத்திரங்களைச் செய்த அரெஸ்ஸோ நகரில் குயவர் பட்டறைகளின் கழிவும், அச்சுகளும், பெயர் முத்திரைகளும் கிடைத்திருக்கின்றன. அங்கேயே கெட்டு அங்கேயே எறிந்த பாத்திரம் என்பதால், அந்த மண் எப்படி இருக்கும் என்பதற்கு அது சாட்சி. சில்லை மெல்லிய தகடாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால் மணலும் கனிமமும் தெரியும். வேதியியல் சோதனையில் மண்ணின் கலவை எண்ணாக வரும். வேறு நாட்டில் கிடைத்த துண்டை அதோடு ஒப்பிடலாம். 1945இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது அவருக்கு இந்த வேதியியல் வேண்டியிருக்கவில்லை. அரெஸ்ஸோ வகைப் பாத்திரத்தின் காலம் ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அந்தத் துண்டு எந்த மண் அடுக்கில் கிடந்ததோ, அதே அடுக்கில் கிடந்த உள்ளூர்ப் பாண்டங்களுக்கும் அதை வைத்துக் காலம் சொன்னார். தென்னிந்திய மட்பாண்டங்களுக்குக் கால வரிசை போடுவதற்கு அது பெரிய படியாக இருந்தது.

அந்த அடுக்கில் கிடைத்தவற்றில், உட்புறத்தில் சக்கரத்தால் புள்ளி வளையம் இட்ட ஒரு வகைத் தட்டு உண்டு. ரௌலட் பாண்டம் என்று தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் சொல்வார்கள். அது இந்தியாவின் கிழக்குக் கரை நெடுக இருக்கிறது, இலங்கையில் இருக்கிறது, கடல் தாண்டிப் பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்திருக்கிறது. நம் தீபகற்பத்தைத் தாண்டி அவ்வளவு தூரம் போன பாத்திரம். சோதித்துப் பார்த்ததில் வெவ்வேறு ஊர்களில் கிடைத்த துண்டுகள் ஒரே வகை மண்ணால் ஆனவை என்று தெரிந்தது. ஆனால் எந்த ஊர் மண் என்பதில் வங்காளம் என்று ஒரு சாரார், தெற்கு என்று ஒரு சாரார், இன்னும் வாதம் தீரவில்லை. அரெஸ்ஸோவுக்கு இருப்பதுபோல் அதற்கு ஒரு சூளையும் குப்பைமேடும் கைக்குக் கிடைத்தால் வாதம் அன்றே முடியும்.